முப்பத்தொரு பேர் பார்த்தது, தபால்காரர் பார்க்காதது

பெட்டியைத் திறப்பதற்கு முன் பெவன் டகெட் மூன்று முறை தட்டுவார். சுருட்டிய செய்தித்தாளின் முனையால் மூடியில் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. ஒரு மூச்சு விட்டு, அடியில் ஒன்று. முதல் தட்டு தவளைக்கு, இரண்டாவது சிலந்திக்கு, மூன்றாவது பாம்புக்கு. யாரும் வெளியே வராவிட்டால், "சரி, உள்ளயே இருங்க, காயிதத்த மட்டும் வெச்சுட்டுப் போறேன்" என்று சொல்லி, மூடியை விரல் நுனியால் தூக்குவார். மின்சார ரசீது அடியில், விளம்பரத்தாள் நடுவில், கையால் முகவரி எழுதிய கடிதம் மேலே. பச்சைத் தவளை குந்தியிருந்தால் கடிதத்தை அதன்மேல் படாமல் ஓரமாகச் சாய்த்து வைப்பார். இதுவரை தவளைகளிடமிருந்து புகார் வந்ததில்லை.

விர்ராபின் பள்ளத்தாக்கில் அப்படி நாற்பத்தேழு பெட்டிகள். பெட்டி என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு வாசலில் துருப்பிடித்த பால் கேன் படுத்துக் கிடக்கும். இன்னொன்றில் கதவு தொங்கும் மைக்ரோவேவ் அடுப்பு. மேட்டு வளைவில் ஒரு குட்டிக் குளிர்பெட்டி; அதில் கடிதம் போட்டால் உள்விளக்கு எரியாதது ஒன்றுதான் குறை. வீடுகள் சாலையிலிருந்து தள்ளி, மாடுகளுக்கும் யூகலிப்டஸ் மரங்களுக்கும் பின்னால் ஒளிந்திருக்கும். வெளியுலகம் அவர்களிடம் வந்து சேரும் இடம் கேட் ஓரத்துத் தகரம்தான். திங்கள் முதல் வெள்ளி வரை, தினம் எண்பத்துமூன்று கிலோமீட்டர். இருபத்தாறு வருஷமாக அதே சாலை, மூன்றாவது வேன்.

வயது அறுபத்துமூன்று. கோடையிலும் குளிரிலும் அரைக்கால் சட்டைதான். அங்கே கடுங்குளிர் காலமான ஜூன் மாதத்தில் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும்போதும், வேகவைத்த நண்டு நிறத்தில் இரண்டு முழங்கால்களைக் காட்டிக்கொண்டு வேனிலிருந்து இறங்குவார். யாராவது கேட்டால், "முட்டிக்கு என்னய்யா குளிரு? அதுக்கு என்ன மூளையா இருக்கு?" என்பார். கேட்டவர்களின் மூளை அத்துடன் பேச்சை நிறுத்திக்கொள்ளும்.

இவ்வளவுதான் பெவன் என்றால் எந்தப் பள்ளத்தாக்கிலும் கிடைக்கக்கூடிய தபால்காரர். ஆனால் விர்ராபினில் அவருக்கு இன்னொரு உத்தியோகமும் உண்டு. அதற்குச் சீருடை கிடையாது, யாரும் நியமிக்கவும் இல்லை.

விர்ராபின் மலைக்காட்டில் யோவி இருப்பதாகச் சொல்வார்கள். ஆளைவிட உயரம், உடம்பெல்லாம் சடை, குரங்குபோல நீண்ட கை, மனுஷன்போல நடை. சொல்வார்கள் என்றால், வெளியே யாரும் சொல்ல மாட்டார்கள். மதுக்கடைக் கழிப்பறைக் கதவில் அதன் படம் ஒட்டியிருக்கிறது. பள்ளத்தாக்கு அதற்குத் தரும் பகிரங்க மரியாதை அவ்வளவுதான். எவனாவது வாய்தவறி "நான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டால், அன்றிலிருந்து அவன் உட்காரும் இடத்தில் எல்லாம் ஒரு வாழைப்பழம் இருக்கும். டிராக்டர் இருக்கையில், தேவாலயத்தின் மர பெஞ்சில், ஏலச்சந்தையில் கழற்றி வைத்த தொப்பிக்குள். சில் மன்றோ என்கிற குதிரைக்காரர் ஒருமுறை பார்த்ததாகச் சொல்லிவிட்டு அதற்குப் பிறகு முப்பத்திரண்டு வருஷம் வாழ்ந்தார். அவர் சவப்பெட்டிமேல் பூக்களுக்கு நடுவில் ஒரு பழம் இருந்தது. வைத்தது கூடப்பிறந்த தம்பி.

ஆகவே பார்த்தவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். மூடிய வாய் எத்தனை நாள் மூடியிருக்கும்? ஒருநாள் காலை பதினோரு மணிக்கு, எதற்கோ வந்தவர்போலக் கேட்டில் வந்து சாய்ந்து நிற்பார்கள்.

"பெவன், இது நான் பாத்ததில்ல. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் பாத்தது."

"சரி."

"அவரு பொய் சொல்ற ஆளு இல்ல."

"இருக்கமாட்டாரு."

"பல்லு வெளக்கிக்கிட்டு இருந்தாராம் அப்ப."

"யாரு, நீயா?"

"அவருய்யா!"

பெவன் வேனின் வெயில்மறைப்புக்குப் பின்னாலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுப்பார். ஈரம் படாமல் ரொட்டி வந்த நெகிழிப் பையில் சுற்றியிருக்கும். பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு கேள்வி கேட்பார். நாள் எது, மழையா, வெளிச்சம் எந்தப் பக்கம், எத்தனை அடி தூரம். "வாலு இருந்துச்சா?" என்பது கட்டாயக் கேள்வி. வால் இருந்தால் அது யோவி இல்லை, வேறு யாரோ. கடைசிக் கேள்வியின்போது மட்டும் தலையைத் தூக்கிக் கண்ணைப் பார்ப்பார். "எத்தன கிளாஸ்?" மூன்று என்றால் மூன்று என்றே எழுதுவார். அதைக் குறைத்து எழுதச் சொல்லி ஒருவர் கெஞ்சியபோது, "நான் தபால்காரன். குடுத்தத கொண்டுபோவேன். கூட்டவும் மாட்டேன், கொறைக்கவும் மாட்டேன், பிரிச்சும் பாக்கமாட்டேன்" என்றார்.

நம்புகிறாரா, நம்பவில்லையா என்று எவருக்கும் தெரியாது. யாரிடமும் சொல்லவும் மாட்டார். நோட்டில் பெயர்கள் கிடையாது. பால் கேன், மைக்ரோவேவ், குளிர்பெட்டி என்று பெட்டியின் பெயரைத்தான் எழுதுவார். அதைப் பெரிய ரகசியக் குறியீடாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். எந்தப் பெட்டி யாருடையது என்பது பள்ளத்தாக்கில் நடக்கப் பழகிய குழந்தைக்கும் தெரியும் என்பதை அவரிடம் எடுத்துச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. அவர் எழுத்து வேறு, சேற்றில் கோழி நடந்ததுபோல இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மனைவி தோரா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஒரு தடித்த நோட்டில் சுத்தப் பிரதி எடுப்பார். சென்ற மே மாதம் வரை முப்பத்தொரு பதிவுகள்.

ஐரிஸ் அத்தை மட்டும் பதிந்துகொள்ள மறுத்துவிட்டார். ஆற்று முகத்தில் இருக்கும் பழங்குடிக் குடியிருப்பில் எல்லாருக்கும் அவர் அத்தை, பெவனுக்கும்தான்.

"நீங்களும் பாத்திருக்கீங்களாமே அத்தை, எழுதிக்கவா?" என்று பெவன் மிகுந்த மரியாதையோடு நோட்டைத் திறந்தார்.

அத்தை சிரித்த சிரிப்பில் பெட்டிக்குள் இருந்த தவளை வெளியே குதித்தது. "எதுக்கு எழுதற? அது இங்க புதுசா வந்த ஆளா, தபால்காரன்கிட்ட பேரு குடுக்க? எங்க ஆளுங்க அதப் பாத்தேன்னா யாரும் நிமிந்துகூட பாக்கமாட்டாங்க. வெளுத்த ஆளுங்க படகுலேர்ந்து எறங்குனாங்கன்னு ஒருத்தன் ஓடிவந்து சொன்னானாம். அவனத்தான் ஒருத்தரும் நம்பல."

பெவன் நோட்டை மூடிப் பையில் சுற்றிவிட்டார். "அத்தை சொன்னதுல வாலு கேக்க எடமே இல்ல" என்று வீட்டில் வந்து சொன்னாராம்.

இதில் வேடிக்கை, பள்ளத்தாக்கில் யோவி கண்ணில் பட அதிகம் வாய்ப்புள்ள வண்டி அவருடையது. எந்த மூடுபனியிலும் மழையிலும் காட்டோரச் சாலையில் தினம் போகும் மனிதர் அவர் ஒருவர்தான். ஆனாலும் இருபத்தாறு வருஷத்தில் ஒன்றையும் பார்த்ததில்லை என்பார். "ஒரு முடியக்கூட பாக்கல. முடி என்ன, ஒரு நாத்தம்கூட அடிக்கல." மற்றவர்களுக்கு அது அவருடைய நம்பகத்தன்மை. பார்த்தவன் கணக்கு எழுதினால் அதில் தன் கதை கலந்துவிடும். பார்க்காதவன் எழுதினால்தான் சுத்தம். தோராவுக்கு அது சாப்பாட்டு மேசைக் கேலி. "அது உன்னைப் பாத்திருக்கும். பாத்துட்டு, 'அட, தபால்காரன்தானே'ன்னு விட்டுருக்கும்."

பள்ளி பஸ் ஓட்டும் கிளெனிஸ் போக் மறைக்காமல் சொன்னதில்தான் எல்லாம் குழம்பியது.

கிளெனிஸுக்கு ஐம்பத்தொரு வயது. பதினான்கு வருஷமாக அந்தச் சாலையில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறார். கணவர் இல்லை, வீட்டு வாடகை, விறகு, நாய் எல்லாம் அந்த ஸ்டீரிங்கை நம்பி. ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமைக் காலை, பனிமூட்டத்தில், ஓடைப் பாலத்தருகே அவர் பிரேக்கை ஓங்கி மிதித்தார். பதினோரு பிள்ளைகளும் முன்சீட்டில் முட்டிக்கொண்டார்கள். பெற்றோர் குழுத் தலைவர் ராஸ் பிரிமின் மகளுக்கு, ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த ஒரு பால்பல் விழுந்தது. மற்றபடி ஒருவருக்கும் ஒன்றுமில்லை. கண்ணாடியெல்லாம் மூச்சுப் புகையால் மூடியிருந்ததால் பிள்ளைகள் வெளியே எதையும் பார்க்கவில்லை. ஒருவன் பார்த்தேன் என்றான். அவன் போன மாதம் மாட்டுக் குட்டையில் சுறாவும் பார்த்திருந்தான்.

பிரேக் போட்டால் படிவம் எழுத வேண்டும். காரணம் என்ற இடத்தில் நான்கு கட்டங்கள்: கால்நடை, காட்டு விலங்கு, பிற வாகனம், மற்றவை. கிளெனிஸ் அந்தப் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு, தன் பெட்டியருகே பெவனுக்காகக் காத்திருந்தார்.

"பெவன், நான் என்ன எழுதட்டும்?"

"என்ன பாத்தே?"

கிளெனிஸ் சொன்னார். படிவத்தில் ஏறப்போகிறது என்பதால் பெவன் நோட்டை எடுக்கவில்லை, வாலைப் பற்றி மட்டும் கேட்டார். தூரம் கேட்டார். காலை எட்டு மணி என்பதால் கிளாஸ் கேட்கவில்லை. பிறகு வழக்கம்போலச் சொன்னார்: "பாத்தத எழுது. அதுக்குத்தான 'மற்றவை'ன்னு ஒரு கட்டம் போட்டு, பக்கத்துல கோடு வேற இழுத்து வெச்சிருக்கான்."

கிளெனிஸ் எழுதினார்: "ஆளைவிட உயரமான, உடம்பெல்லாம் சடையான ஒன்று, இரண்டு காலில், இடமிருந்து வலமாகச் சாலையைக் கடந்தது. அவசரப்படவில்லை."

கங்காரு என்று எழுதியிருந்தால் அந்தப் படிவம் ஏதோ ஓர் அலமாரியில் தூங்கியிருக்கும். இது தூங்கவில்லை. கைபேசிகளில் ஊர் ஊராகப் போனது. 'அவசரப்படவில்லை' என்ற வார்த்தையைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டான் ஒருவன். கீழ்நகரத்தில் இருக்கும் பஸ் முதலாளி கார்மடி, கண் பரிசோதனை முடியும்வரை வண்டியைத் தொடவேண்டாம் என்றார். கண் நன்றாக இருந்தது. அப்படியானால் தலையைப் பரிசோதிக்க வேண்டுமோ என்று பெற்றோர்கள் பேசத் தொடங்கினார்கள். சடையனைப் பார்க்கிறவள் கையில் பிள்ளைகளை எப்படி விடுவது?

எல்லாரும் நல்லபடியாகத்தான் சொல்லிப் பார்த்தார்கள். "கிளெனிஸ், வாலபின்னு மாத்தி எழுதிடேன். குட்டிக் கங்காரு. ஒரு வார்த்தைதான. திங்கக்கெழமையே வண்டிய எடுத்துரலாம்."

"வாலபி என் இடுப்புக்கு வரும்" என்றார் கிளெனிஸ். "இதோட இடுப்பு என் வண்டிக் கண்ணாடிக்கு வந்துச்சு."

வேலையை நிரந்தரமாக வேறு ஆளுக்குக் கொடுப்பதா என்று முடிவு செய்யச் சனிக்கிழமை பிற்பகல் பொதுமண்டபத்தில் கூட்டம். வெள்ளிக்கிழமை பெவன் தபால் வைக்கப் போனபோது கிளெனிஸ் கேட்டில் நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தார் பெவன். அவர் திட்டவில்லை. "நீதானே எழுதச் சொன்னே" என்று மட்டும், மழை வருமா என்று கேட்கிற குரலில் சொன்னார். அன்று அடுத்த ஏழு பெட்டிகளைப் பெவன் தட்டாமலேயே திறந்தார். ஏழாவதில் ஒரு சிலந்தி அவர் மணிக்கட்டில் ஏறி, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானாகவே இறங்கிப் போனது.

சனிக்கிழமை மண்டபத்தில் நாற்பத்தொரு பேர். கூட்டம் எதற்காக இருந்தாலும் ஆளுக்கொரு தட்டு பலகாரம் கொண்டுவருவது வழக்கம் என்பதால், ஒருத்தியின் பிழைப்பைப் பறிக்க ஸ்கோன் ரொட்டியும் தேங்காய்த்துருவல் உருட்டிய கேக்கும் வரிசையாகக் காத்திருந்தன. பெரிய பாத்திரத்தில் தேநீர் கொதித்தது. வால்மே என்கிற அம்மாள் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் கிளெனிஸுக்கான நாற்காலியில் ஒரு வாழைப்பழம் இருந்தது.

கிளெனிஸ் அதை எடுத்தார். உரித்தார். உட்கார்ந்து, முழுவதும் மென்று தின்றார். தோலை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். காதுகள் மட்டும் சிவந்திருந்தன.

ராஸ் பிரிம் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். கெட்டவர் இல்லை, கூட்டம் கிடைத்தால் குரல் கொஞ்சம் தடித்துவிடும், அவ்வளவுதான். "கிளெனிஸ் மேல யாருக்கும் கோவம் கெடையாது" என்று தொடங்கினார். இப்படித் தொடங்கும் பேச்சு எங்கே போய் முடியும் என்பது மண்டபத்துக்குத் தெரியும். "என் மகளோட பல்லப் பத்தி நான் பேச வரல." பல்லைப் பற்றிக் கொஞ்சநேரம் பேசினார். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்தப் பள்ளத்தாக்குல, நம்ம காலத்துல, ஒருத்தராவது, ஒரே ஒருத்தராவது, அப்படி ஒண்ணப் பாத்ததுண்டா? இருந்தா கை தூக்குங்க. பொழுதோட வீட்டுக்குப் போலாம்."

மண்டபம் சிரித்தது. பின்வரிசையில் நாற்காலியின் பின்னிரண்டு காலில் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்த டஸ்டி என்ற பால்பண்ணைக்காரர் குரங்குபோல உறுமிக் காட்டினார். இன்னும் பெரிய சிரிப்பு.

பெவன் தலைகளை எண்ணினார். நாற்பத்தொரு பேரில் பத்தொன்பது பேர் அவருடைய நோட்டில் இருந்தார்கள். டஸ்டி இருந்தார். வால்மே இருந்தார். ராஸ் பிரிம் பன்னிரண்டாவது பதிவு. ஒரு கையும் எழவில்லை.

பையில் சுற்றிய நோட்டு வெளியே வேனில் இருந்தது. போய் எடுத்துவந்து வாசித்தால் ஐந்து நிமிஷ வேலை. வாசிக்க முடியாது. குடுத்ததைப் பிரிக்கக்கூடாது. பேசாமல் இருந்தால் கிளெனிஸ் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பெவன் கையைத் தூக்கினார்.

சிரிப்பு சட்டென்று நிற்கவில்லை, ஒவ்வொரு வரிசையாக நின்றது.

"நீயா?" என்றார் ராஸ். "யோவ், இருபத்தாறு வருஷமா ஒரு முடியக்கூட பாக்கலன்னியே?"

"பாக்கலன்னு சொன்னேன்" என்று பெவன் எழுந்தார். தொப்பி கையில்.  "பாத்தேன். ஒரு தடவ இல்ல."

தொண்டையைச் செருமிக்கொண்டு, முகவரி வாசிக்கிற குரலில் சொன்னார்.

"ஒரு தடவ கன்னுக்குட்டிக் கொட்டாய் பக்கம். வாளியில பால் இருந்துச்சு. ரெண்டு கையாலயும் தூக்கிக் குடிச்சுது. குடிச்சுட்டு வாளியக் கவுத்து வெச்சுட்டுப் போச்சு. நம்ம வீட்டு ஆளுங்ககூட அப்படிக் கவுக்கமாட்டாங்க."

பின்வரிசையில் டஸ்டியின் நாற்காலி நான்கு கால்களையும் தரையில் ஊன்றிக்கொண்டது.

"இன்னொரு தடவ, துணி காயற எடத்துல. கொடியில கெடந்த கம்பளிப் போர்வைய இழுத்துக் கன்னத்துல வெச்சுப் பாத்துது. இந்தக் கன்னத்துல, அப்புறம் அந்தக் கன்னத்துல. தூக்கிட்டுப் போயிரும்னு நெனச்சேன். போகல. புல்லு மேல வெச்சுட்டுப் போச்சு."

வால்மே ஊற்றிக்கொண்டிருந்த தேநீர் கோப்பையில் நிறைந்து, தட்டில் நிறைந்து, மேசை விரிப்பில் இறங்கியது. அவர் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

"ஒரு தடவ ரொம்பக் கிட்ட. பத்தடி. ஓடணும்னுகூட தோணல. வாயில என்ன வருதுன்னு தெரியாம, 'என்னப்பா, சௌக்கியமா'ன்னு கேட்டுட்டேன்."

யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்து, பக்கத்தில் யாரும் சேராததால் அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"அப்புறம்தான் ஓடுனேன். ஒரு ரப்பர் பூட்ஸு சேத்துலயே நின்னுருச்சு. மறுநாள் போய்ப் பாத்தா அது கேட் கம்பத்து மேல தலகீழா மாட்டியிருக்கு. உள்ள மழத்தண்ணி போகாம."

ராஸ் பிரிம் வாயைத் திறந்தார். பல் வைத்தியரிடம் காட்டுவதுபோல அது கொஞ்சநேரம் திறந்தே இருந்தது. பிறகு மூடிக்கொண்டது.

ஒவ்வொருவருக்கும் தன்னுடையது மட்டும்தான் தெரியும். அடுத்தவர் ஏன் அமைதியானார் என்று யாருக்கும் தெரியாது. எல்லாரும் தத்தம் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்துக்கு வந்திருந்த பஸ் முதலாளி கார்மடி மட்டும், வெளியூர்க்காரர் ஆனதால், மண்டபத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

பெவன் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"ஒரு தடவ மழ. பெரிய அத்திமரத்தடியில ஒதுங்கி நின்னுட்டு இருந்துச்சு. கைய மட்டும் வெளிய நீட்டிச்சு, உள்ளங்கை மேல இருக்கற மாதிரி. மழ விட்டுதான்னு பாக்க. நாம பாப்போம்ல, அந்த மாதிரி. விடல. கைய உள்ள இழுத்து நெஞ்சுல தொடச்சுக்கிச்சு. மறுபடியும் நின்னுட்டு இருந்துச்சு." சொல்லும்போது அவருடைய கையும் தானாக நீண்டு, திரும்பி வந்து சட்டையில் துடைத்துக்கொண்டது. "அவ்வளவுதான்" என்று உட்கார்ந்தார்.

கார்மடி கேட்டார்: "நீங்க குடிச்சிருந்தீங்களா?"

"டீ."

"இத ஏன் இத்தன நாளா யாருகிட்டயும் சொல்லல?"

பெவன் நாற்பது முகங்களையும் ஒருமுறை பார்த்தார். "வாழப்பழம் எனக்கு ஒத்துக்காது."

முதலில் சிரித்தது கிளெனிஸ். பிறகு மண்டபம் முழுவதும், கொஞ்சம் அதிகமாகவே, பெருமூச்சும் சேர்ந்து சிரித்தது. ராஸ் பிரிம் மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "படிவத்துல 'மற்றவை'ன்னு ஒரு கட்டம் இருக்கு. வெச்சவன் எதுக்கோதான் வெச்சிருப்பான். அதுல நாம கைவெக்க வேணாம். கிளெனிஸ் திங்கக்கெழமை வண்டிய எடுக்கட்டும்" என்றார். "நானும் அதேதான் சொல்றேன்" என்று வால்மே ஈரத் துணியோடு கையைத் தூக்கினார். நாற்பத்தொரு கைகள். கார்மடி எண்ணிப் பார்த்துவிட்டு, என்ன நடந்தது என்று புரியாமல் ஒரு கேக்கை எடுத்துக் கடித்தார்.

தேநீர் வரிசையில் கிளெனிஸ் பெவனுக்குப் பின்னால் வந்து நின்றார். "பொய்தானே?" என்றார், வாய் அசையாமல்.

"ஸ்கோன் ஆறுது பாரு" என்றார் பெவன்.

கொடுத்த விலை திங்கட்கிழமை தெரிந்தது. கிளெனிஸ் பஸ்ஸை ஓட்டிப் போனார். எதிரே வந்த தபால் வேனுக்கு இரண்டு முறை ஹாரன் அடித்தார். வேனின் பின்கதவுப் பிடியில் ஒரு சீப்பு வாழைப்பழம் கட்டித் தொங்கியது. அதைப் பெவன் பொருட்படுத்தவில்லை, ஐரிஸ் அத்தையிடம் கொடுத்துவிட்டார். "பழம் குடுக்கற அளவுக்குப் பெரிய ஆளாயிட்டியா?" என்று அத்தை வாங்கிக்கொண்டார். பெவனுக்கு உறுத்தியது வேறு. கேட்டில் சாய்ந்து நிற்க ஒருவரும் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், ஆகஸ்ட் முழுவதும். நோட்டு பைக்குள்ளேயே இருந்தது. "எழுதறவனே பொய் சொன்னா அந்த நோட்டு எதுக்கு? சொல்லு" என்றார் தோராவிடம்.  

செப்டம்பரில் ராஸ் பிரிம் தன் பால் கேனருகே நின்றிருந்தார். மேகத்தைப் பார்த்தார். புல்லைப் பார்த்தார். "பெவன், அந்த பூட்ஸு..."

"எந்த பூட்ஸு?"

"கம்பத்து மேல. தலகீழா."

"ஓ, என்னோட பூட்ஸா?"

ராஸ் கொஞ்சம் யோசித்தார். "ஆமா, ஒன்னோடதுதான்" என்றார். பிறகு கேட்டைத் திறந்துவிட்டு, வேன் வளைவு தாண்டும்வரை கையைத் தூக்கியபடியே நின்றார். மறுநாள் டஸ்டி வந்தார். அவருக்குத் தெரிந்த ஒருவர் மறுபடியும் பார்த்திருந்தாராம். முப்பத்திரண்டாவது பதிவு; வால் இல்லை, இரண்டு கிளாஸ்.

நான் இதையெல்லாம் எழுதி முடித்த பிறகுதான் தோரா என்னிடம் ஒன்று சொன்னார். அந்தச் சனிக்கிழமை கூட்டம் முடிந்து வந்ததும், சுத்தப் பிரதியை எடுத்துவைத்துக்கொண்டு, கணவர் யார் யாரிடமிருந்து எதை இரவல் வாங்கினார் என்று பென்சிலால் குறித்துப் பார்த்தாராம். பால் வாளி இருந்தது. போர்வை இருந்தது. பூட்ஸ் இருந்தது. அத்திமரமும் நீட்டிய கையும் முப்பத்தொன்றில் எதிலும் இல்லை. இரண்டாம் முறையும் முதலிலிருந்து படித்தார், இல்லை.

"ஏ மனுஷா, அந்த மழ யாரோடது?" என்று சமையலறைப் பக்கம் பார்த்துக் கேட்டாராம்.

பெவன் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். காய்ந்துவிட்ட தட்டு ஒன்றை இன்னும் கொஞ்சநேரம் துடைத்தார். "ஒன்னோட அம்பதாவது பொறந்தநாளுக்கு மறுநாள்" என்றாராம், திரும்பாமலே.

தோரா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பதினோரு வருஷம்.